எச்பியை விடுங்க, முதல் கியர் என்னன்னு சொல்லுங்க

பழைய ஜீப்புக்கு எஞ்சின் மாத்தணும்னு கெளம்புற பட்டணத்து ஆளுங்க எல்லாரும் முதல்ல கேக்குறது ஒண்ணுதான்: "எத்தனை எச்பி எஞ்சின் போடலாம்?" அதுக்கப்புறம் டயர், பம்பர், லைட்டு, பாட்டு. கியர்பாக்ஸ் எதுன்னு கேட்டா, "எஞ்சினோட எது வருதோ அதுதான்" அப்டின்றாங்க. கொஞ்சம் வசதியானவங்க, "ஆட்டோமேட்டிக் போட்டுடலாமா?"ன்னு கேக்குறாங்க. இந்த ரெண்டு பேச்சும் தப்புன்னு சொல்லத்தான் இதை எழுதுறேன். கோவமாத்தான் எழுதுறேன், பொறுத்துக்குங்க.

சேடை ஓட்டுற டிராக்டரைப் பாத்திருப்பீங்க. மகிந்திரா 275 வண்டி 39 எச்பி. உங்க அபார்ட்மெண்ட்ல நிக்கிற சின்னக் காரே 80 எச்பி இருக்கும். அந்தக் காரை எங்க நஞ்சையில எறக்கி கேஜ் வீல் மாட்டி ஓட்டிப் பாருங்களேன். ரெண்டடி நகராது. பாதி எச்பி உள்ள டிராக்டர் முழங்கால் சேத்துல எப்படிப் போகுது? லோ கியர்ல எஞ்சின் நூறு சுத்துக்கு மேல சுத்துனாத்தான் பின் சக்கரம் ஒரே ஒரு சுத்து சுத்தும். கார்ல முதல் கியர்ல பதினாலு, பதினஞ்சு சுத்துக்கே சக்கரம் ஒரு சுத்து போயிடும். எஞ்சின் குடுக்குற பலத்தைப் பெருக்கிக் குடுக்குறது கியர். இது உழவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்ல, கடப்பாரையைப் போட்டுக் கல்லு நெம்புனவனுக்குத் தெரியும்.

இப்ப ஜீப்புக்கு வருவோம். கல்வராயன் மலைக்கு ஏறி எறங்குன பழைய ஜீப்புங்கள்ல நெறைய வில்லிஸ் சிஜே-3பி வம்சம். அதுல டி-90ன்னு மூணு கியர் பாக்ஸ். முதல் கியர் 2.8. பின்னால கிரவுன் பினியன் 5.38. ரெண்டையும் பெருக்குனா 15. லோ ரேஞ்ச் போட்டா இன்னும் 2.46 மடங்கு, ஆக 37. வெள்ளைக்காரன் இந்தக் கணக்கைப் போட்டது பெட்ரோல் எஞ்சினுக்கு. அது 4000 சுத்து வரைக்கும் சுத்தும்.

அதைக் கழட்டிட்டு டீசல் போட்டாங்க, எங்க மாவட்டத்துல மட்டுமில்ல, தமிழ்நாடு பூரா. டீசல் விலை கம்மியா இருந்த காலம், யாரையும் குத்தம் சொல்ல முடியாது. ஆனா பழைய டீசல் அவ்வளவு வேகமாச் சுத்தாது. 2000 சுத்துல வச்சு ஓட்டுனாத்தான் சத்தமில்லாம, செலவில்லாமப் போகும். அந்தச் சுத்துக்கு டாப் கியர்ல, 5.38 பினியனோட, 16 இஞ்ச் ஜீப் டயர்ல, வண்டி மணிக்கு 50 கி.மீ.தான் போகும். கணக்குப் போட்டுப் பாருங்க, சரியா வரும். சங்கராபுரத்துல இருந்து திருவண்ணாமலை போறதுக்குள்ள காது அடைச்சுப் போகும்.

இதுக்குப் பட்டறைக்காரங்க சுலபமா ஒரு வழி வச்சிருக்காங்க. கிரவுன் பினியனை மாத்திடு, 4.27 போடுன்னுவாங்க. அதே 2000 சுத்துல இப்ப 62 கி.மீ. போகும். வாங்குனவரும் சந்தோஷமா ஓட்டிட்டுப் போவாரு, தார் ரோட்டுல. ஆனா முதல் கியர் இழுவை என்ன ஆச்சு? 15 இருந்தது 12 ஆயிடுச்சு. அஞ்சுல ஒரு பங்கு போச்சு! பாரத்தோட கொண்டை ஊசி வளைவுல நின்னு எடுக்கும்போதுதான் இந்த அஞ்சுல ஒரு பங்கோட அருமை தெரியும். க்ளட்ச் தீயுற நாத்தம் வரும்.

இதுக்கு நான் சொல்ற வழி, பினியனைத் தொடாதீங்க. அஞ்சு கியர் பாக்ஸ் போடுங்க. அஞ்சாவது கியர் 0.8 சுமாருக்கு இருந்தா அதே 62 கி.மீ. கெடைக்கும். முதல் கியர் 3.5ன்னு இருந்தா பெருக்கிப் பாருங்க, 18க்கு மேல வரும். பழசை விட இழுவை கூடுது, வேகமும் கூடுது. அஞ்சு கியர்ங்கிறதுக்காக மட்டும் வாங்காதீங்க. முதல் கியர் நம்பர் சின்னதா இருக்குற கார் பாக்ஸைத் தூக்கிட்டு வந்து ஜீப்புல மாட்டுனா, அஞ்சு இருந்தும் ஒண்ணுக்கும் உதவாது.

ஏறுறதைச் சொன்னேன். எறங்குறதுதான் எனக்கு முக்கியம். வெள்ளிமலையில இருந்து கச்சிராயபாளையம் பக்கம் எறங்குற வண்டியில மரவள்ளி மூட்டை இருக்கும், மூட்டை மேல ஆளு இருக்கும், சில நேரம் ஆஸ்பத்திரிக்குப் போற பிரசவக்காரி இருப்பா. பிரேக்கை மிதிச்சுக்கிட்டே எறங்குனா ட்ரம் சூடாகி ஒரு கட்டத்துல பிடிக்காமப் போகும். கியர்தான் வண்டியைப் பிடிச்சு வைக்கணும். இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. பெட்ரோல் எஞ்சின்ல ஆக்சிலேட்டரை விட்டா காத்து வர்ற வழி மூடிக்கும். எஞ்சின் மூச்சு முட்டி வண்டியைப் பின்னுக்கு இழுக்கும். பெரும்பாலான டீசல்ல அந்த மூடி கிடையாது, விட்டாலும் லேசாத்தான் பிடிக்கும். அப்ப டீசல் போட்ட வண்டிக்குத்தான் எறக்கத்துல தாழ்ந்த கியர் அதிகம் வேணும். நாம என்ன பண்றோம்? டீசலைப் போட்டு, பினியனையும் மாத்தி, இருந்த பிடியையும் குறைக்கிறோம். முதல் கியர்ல 2000 சுத்துல 18 கி.மீ. வேகத்துல எறங்குன வண்டி இப்ப 22ல எறங்கும். நான் சொன்ன பாக்ஸ்ல 14. மலை ரோட்டுல இந்த வித்தியாசம் சின்னதுன்னு நெனைக்கிறவங்க ஒரு தடவை பின்னால மூட்டை மேல உக்காந்து வாங்க.

ஆட்டோமேட்டிக் ஆசைக்காரங்களுக்கும் ஒரு வார்த்தை. கம்பெனியில இருந்து ஆட்டோமேட்டிக்கா வந்த காரை நான் குறை சொல்லல. மெட்ராஸ் டிராஃபிக்ல முட்டி வலிக்காரங்களுக்கு அது வரம். ஆனா வேற எஞ்சினோட சேக்கும்போது அந்த பாக்ஸுக்கு ஒரு கம்ப்யூட்டர் வேணும், அதுக்கு எஞ்சின் பாஷை புரியணும், ஆயிலைக் குளுர வைக்கத் தனி ரேடியேட்டர் வேணும். மலை மேல பேட்டரி எறங்கிடுச்சுன்னா நாலு பேரு தள்ளி ஸ்டார்ட் பண்ண முடியாது. மேனுவல்னா எந்த ஊர்லயும் ஒரு ஸ்பேனர்காரர் பிரிச்சுப் பாத்துடுவாரு.

எஞ்சினையும் கியரையும் தனித்தனியா நெனைச்சா என்ன ஆகும்னு பட்டறைக்காரங்க மட்டும் காட்டல, பெரிய கம்பெனிங்களே காட்டியிருக்கு. வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் 1985ல ஸ்டாண்டர்ட் 2000ன்னு ஒரு கார் விட்டாங்க. இங்கிலாந்து ரோவர் எஸ்டி1 உடம்பு. அங்க அதுக்கு 3.5 லிட்டர் வி8 எஞ்சினும் அஞ்சு கியரும் உண்டு. இங்க வான்கார்ட் காலத்து 2 லிட்டர் எஞ்சினும் நாலு கியரும். பாக்க ராஜா மாதிரி, ஓட்டுனா தெரிஞ்சு போச்சு. சில வருஷத்துல காரும் நின்னுது, கம்பெனியும் நின்னுது. (விலையும் ஒரு காரணம், இல்லேங்கல.) அதே காலத்து கான்டெசாவைப் பாருங்க. முதல்ல அம்பாசிடரோட 1.5 லிட்டர் எஞ்சினைப் போட்டு அவ்வளவு பெரிய உடம்பை இழுக்க முடியாமத் திணறுனாங்க. அப்புறம் இசுசு 1.8 எஞ்சினை அதுக்கேத்த அஞ்சு கியரோட ஜோடியாக் கொண்டாந்தாங்க. கார் பேர் வாங்குச்சு. பின்னால அம்பாசிடருக்கும் அந்த ஜோடியே போச்சு.

வேற கம்பெனி எஞ்சினையும் பாக்ஸையும் சேக்க நடுவுல ஒரு தகடு செய்வாங்க, லேத்துல கடைஞ்சு. இங்கதான் பாதி வண்டி வீணாகுது. ஃப்ளைவீல் மையமும் பாக்ஸ் ஷாஃப்ட் மையமும் ஒரு மயிரிழை விலகுனாலும் பேரிங் கத்தும், கியர் தானா நியூட்ரலுக்குத் தாவும். எங்க பக்கத்து ஊர்ல ஒருத்தருக்கு எறக்கத்துல ரெண்டாவது கியர் இப்படித் தாவுச்சு, வாய்க்கால் மேட்டுல மோதி நின்னதால ஆளு பிழைச்சாரு. செஞ்ச பட்டறை பேரு வேணாம். ஆனா டயல் கேஜ் வச்சுப் பாத்தீங்களான்னு கேட்டதுக்கு, "கண்ணாலயே பாத்துட்டோம்"னு பதில் வந்துச்சாம். டயல் கேஜ் இல்லாத பட்டறையில இந்த வேலையைக் குடுக்கவே குடுக்காதீங்க.

கடைசியா ஒண்ணு, இதைச் சொல்லாம விட்டா உங்களைக் கெடுத்தவனாவேன். மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவுப்படி, கம்பெனி குடுத்த விவரத்துல இருந்து வண்டி மாறக்கூடாது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் அதையே சொல்லிடுச்சு. மீறுனா மாத்தம் ஒண்ணுக்கு 5000 ரூபா அபராதம், ஆறு மாசம் வரைக்கும் ஜெயிலும் உண்டு. கேஸ் கிட், பேட்டரி கிட் மாதிரி சிலதுக்கு வழி விட்டிருக்காங்க. எனக்கு இதுல பாதி ஒப்புதல், பாதி ஒப்புதல் இல்ல. கண்ணாலயே பாத்து மாட்டுற ஆளைத் தடுக்கத்தான் வேணும். ஆனா அளவெடுத்து ஒழுங்கா மாட்டுனவனும் அதே கூண்டுல நிக்கிறான். ஒரு ஆய்வாளர் வண்டியை மலையில ஏத்தி எறக்கிப் பாத்துச் சான்று குடுக்குற முறை இருந்தா என்ன குறைஞ்சு போகும்? அதனால புதுப்பேட்டையில எஞ்சினைப் பாத்து அட்வான்ஸ் குடுக்குறதுக்கு முன்னால ஆர்டிஓ ஆபீஸ்ல ஆர்சியைக் காட்டிக் கேட்டுடுங்க. எற்கெனவே டீசல்னு ஆர்சியில ஏறின பழைய ஜீப்பா வாங்குனா பாதித் தலைவலி இல்ல. வாங்குற அன்னைக்கு டயரை எண்ணிட்டு வராதீங்க, கீழ படுத்துப் பாத்து, என்ன பாக்ஸ், என்ன பினியன்னு கேளுங்க. விக்கிறவருக்குத் தெரியலேன்னா ஜாக்கி வச்சு ஒரு பின் சக்கரத்தைத் தூக்கி, முதல் கியர்ல போட்டு, அந்தச் சக்கரத்தை ரெண்டு சுத்து சுத்த எஞ்சின் எத்தனை சுத்துதுன்னு எண்ணுங்க. ஒரு சக்கரம் மட்டும் தூக்குனா ரெண்டு சுத்துதான் கணக்கு. பதினஞ்சுக்குக் கீழ வந்தா மலைக்கு எடுத்துட்டுப் போகாதீங்க.