மூட்டைப்பூச்சிக்காக வீட்டைக் கொளுத்தலாமா?

"அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது" என்பார்கள் பெரியவர்கள். தேருக்கு அச்சாணி எப்படியோ, மின் சாதனத்துக்குப் பவர் சப்ளை அப்படி. ஆனால் நண்பர்களே, அச்சாணி முறிந்ததற்காகத் தேரையே விறகாக்கிய ஊர் எங்காவது உண்டா? இன்று நம் கண்ணெதிரே அதுதான் நடக்கிறது!

நெட்வொர்க் ஸ்டோரேஜ் பெட்டியை எடுத்துக்கொள்வோம். சுருக்கமாக 'நாஸ்'. இரண்டு ஹார்ட் டிஸ்க், ஒரு சின்ன போர்டு, பின்னால் ஒரு லேன் கேபிள், அவ்வளவுதான். ஸ்டுடியோக்காரர் எடுத்த கல்யாண போட்டோக்கள், ஆடிட்டர் ஆபீஸ் கணக்கு, லேபில் சீனியர்கள் விட்டுப்போன ப்ராஜெக்ட் ரிப்போர்ட் எல்லாம் அதற்குள்தான். பத்து வருஷம் ராப்பகலாக ஓடும். ஒருநாள் காலையில் விளக்கு எரியாது. கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால், "பழைய மாடல் சார், அடாப்டர் இப்ப வர்றதில்ல. புதுசா வாங்கிடுங்க" என்று ஒரே வரியில் தீர்ப்பு!

மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை இதுதான். கம்பெனி பெயர் போட்ட அடாப்டர் கிடைக்காமல் போகலாம். 12 வோல்ட் கிடைக்காமல் போகுமா? 'கிடைக்காது' என்ற சொல்லை டிப்ளமோ படித்தவன் அவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்ளக் கூடாது என்பதே என் கட்சி.

முதலில், குற்றவாளி அடாப்டர்தானா என்று பார்க்க வேண்டும். நாளெல்லாம் சூட்டில் கிடக்கும் அடாப்டரில் பெரும்பாலும் முதலில் சோர்ந்துபோவது எலெக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர். 10 டிகிரி சூடு கூடினால் அதன் ஆயுள் ஏறத்தாழ பாதி என்று படித்திருக்கிறோமே! வேடிக்கை என்னவென்றால், கெபாசிட்டர் வற்றிப்போன அடாப்டரும் மல்டிமீட்டரில் 12 வோல்ட்டை அழகாகக் காட்டும். லோடு ஏறியதும்தான் சாயம் வெளுக்கும். "வோல்டேஜ் சரியாத்தான்பா இருக்கு, போர்டுதான் போச்சு" என்று நல்ல பெட்டிகளுக்குக் கருமாதி செய்வது இப்படித்தான்.

இதற்கு ஸ்பெஷல் கருவி எதுவும் வேண்டாம். கார் இண்டிகேட்டரில் போடும் 12 வோல்ட் 21 வாட் பல்பு ஒன்று 1.75 ஆம்பியர் இழுக்கும். இரண்டை இணையாகப் போட்டால் 3.5 ஆம்பியர். அடாப்டரின் லேபிள் அதற்கு மேல் சொல்கிறதா என்று பார்த்துக்கொண்டு, பல்புகளை ஒவ்வொன்றாகச் சேருங்கள். 11.4 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினாலோ, துடித்துத் துடித்து அணைந்தாலோ நோய் அடாப்டரில்தான்.

அடுத்து, மாற்று அடாப்டர். சென்னை ரிச்சி தெருவுக்குப் போனாலும் சரி, உங்கள் ஊர் கடைக்குப் போனாலும் சரி, கையில் நான்கு விவரம் இருக்க வேண்டும்.

ஒன்று, வோல்ட். இதில் சமரசமே கிடையாது. 12 வோல்ட் என்றால் 12 மட்டுமே. சும்மா கிடக்கிறதே என்று 19 வோல்ட் லேப்டாப் அடாப்டரைச் செருகினால் டிஸ்க்கும் சேர்ந்து போய்விடும்.

இரண்டு, ஆம்பியர். இது கூட இருக்கலாம், குறையக் கூடாது. தேவையான கரண்டைத்தான் பெட்டி இழுக்கும். ஆம்பியர் கூடினால் எரிந்துவிடும் என்பது வெறும் பயம். மூன்றரை அங்குல டிஸ்க் ஒன்று சுழலத் தொடங்கும்போது 12 வோல்ட்டில் சுமார் 2 ஆம்பியர் கேட்கும். இரண்டு டிஸ்க்குக்கு 4, போர்டுக்கு 1 என்று வைத்தால் 5 ஆம்பியர். ரவுட்டருடைய 2 ஆம்பியர் அடாப்டரும் அதே ஓட்டையில் பொருந்தும்! விளக்கு எரியும், டிஸ்க் 'டிக் டிக்' என்று முனகும், மறுபடி ரீஸ்டார்ட் ஆகும். இப்படிப் பலமுறை நடந்தால் பைல் சிஸ்டமே கெட்டுவிடலாம்.

மூன்று, பிளஸ் மைனஸ். நடுவில் பிளஸ்ஸா மைனஸா என்பதை லேபிளில் உள்ள வட்டப் படம் சொல்லும். நான்கு, பிளக். வெளி விட்டம் 5.5 மில்லிமீட்டர் என்று ஒன்றுபோலத் தெரிந்தாலும், உள்ளே 2.1, 2.5 என இரண்டு ஜாதி. 2.5 பிளக் 2.1 ஊசியில் நுழையும். ஆனால் லூசாக ஆடும், சூடேறும்.

நான்கு பின் வைத்த வட்டப் பிளக் என்றால் இன்னும் உஷார்! சில பெட்டிகளுக்கு 12 வோல்ட்டும் 5 வோல்ட்டும் சேர்ந்து வரும். சிலவற்றில் 12 மட்டும். எந்தப் பின்னில் எது என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பிளக் பொருந்துகிறது என்பதற்காகச் செருகாதீர்கள். மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே செருகுங்கள்.

மலிவு அடாப்டரில் கோட்டை விடாதீர்கள். ஐ.டி. சாதன அடாப்டர்களுக்கு பி.ஐ.எஸ். பதிவு கட்டாயம் என்று 2014-லேயே ஆணை வந்துவிட்டது. அந்த முத்திரையைப் பார்த்து வாங்குங்கள். பழையதைப் பிரித்து கெபாசிட்டர் மாற்ற நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: உள்ளே பிரைமரி கெபாசிட்டரில் 325 வோல்ட் வரை தங்கியிருக்கும். சார் பக்கத்தில் இல்லாமல் கை வைக்காதீர்கள்.

"அடாப்டர் எதுக்குடா, டிஸ்க்கைக் கழற்றி கம்ப்யூட்டரில் மாட்டினால் போச்சு" என்பார் ஒரு நண்பர். இந்தப் பெட்டிகள் பெரும்பாலும் லினக்ஸில் ஓடுபவை. விண்டோஸில் மாட்டினால் டிஸ்க்கைப் புரிந்துகொள்ளாமல் 'பார்மேட் செய்யட்டுமா?' என்று கேட்கும். அவசரத்தில் ஓகே தட்டினால் அதோடு போயிற்று!

"பழைய பெட்டியை எத்தனை நாள் கட்டி அழுவது?" என்றும் கேட்கலாம். நியாயமான கேள்விதான். 2015-க்குப் பிறகு அப்டேட் வராத வெஸ்டர்ன் டிஜிட்டல் மை புக் லைவ் பெட்டிகள் பல, 2021 ஜூனில் இன்டர்நெட் வழியாக ஊடுருவப்பட்டு, ஒரே வீச்சில் அழிக்கப்பட்டன. ஆகவே உயிர் கொடுத்த பழைய பெட்டியை இன்டர்நெட் பக்கம் விடாதீர்கள். உள்ளே இருப்பதை முதலில் வேறிடத்தில் காப்பி எடுங்கள். பிறகு இரண்டாவது காப்பிக்கு அதையே வைத்துக்கொள்ளலாமே! மாற்றுவதா வேண்டாமா என்பதை நாம் தீர்மானிக்க வேண்டும். செத்துப்போன ஒரு அடாப்டர் தீர்மானிக்கக் கூடாது.

செல்போன், டேப்லெட், கேமராவுக்கெல்லாம் யூ.எஸ்.பி.-சி கட்டாயம் என்று ஐரோப்பாவில் 2024 டிசம்பர் முதல் சட்டம் அமலாகியிருக்கிறது. அந்தப் பட்டியலில் நம் நாஸ் இல்லை. நம் நாட்டிலும் 2022 டிசம்பரில் 'பழுது பார்க்கும் உரிமை'க்கென்று மத்திய அரசு ஒரு இணையதளம் திறந்தது. நல்லதுதான். ஆனால் பின் விவரத்தைப் பெட்டியின் அடியிலேயே அச்சடித்துவிட்டால் கம்பெனிக்கு என்ன குறைந்துவிடும்?

அவர்கள் செய்யும்வரை நாம் செய்வோம். நம் லேபில் உள்ள ஒவ்வொரு பெட்டியின் வோல்ட், ஆம்பியர், பிளக் அளவு, பின் விவரம் ஆகியவற்றை ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஒரு பக்கம் எழுதி வைப்போம். அடாப்டரிலும் பெயர்ச் சீட்டு ஒட்டுவோம். புதுப் பெட்டி வாங்கும்போது உபரி அடாப்டர் ஒன்றும் சேர்த்துக் கேட்கும்படி நம் சங்கம் நிர்வாகத்திடம் மனு கொடுக்கட்டும். 'கண்டெம்ன்' பட்டியலில் ஒரு பெட்டியைச் சேர்க்கும் முன், இரண்டு பல்பும் ஒரு மல்டிமீட்டருமாக நம்மில் ஒருவர் அதைப் பார்த்தாக வேண்டும் என்று விதி வரட்டும்.

லேபிளைப் படிக்கத் தெரிந்தவன் கையில் எந்தப் பெட்டியும் அநாதையாகச் சாகாது. அதைச் செய்யத்தானே நண்பர்களே நாம் டிப்ளமோ படிக்கிறோம்?

— மூன்றாமாண்டு மாணவன், மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை