பட்டாளத்திலிருந்து திரும்புகிறவர் அரிசி ஆலையில் தொடங்க வேண்டாம்

வேலூருக்கும் ஆரணிக்கும் இடைப்பட்ட வட்டாரத்தில் வீட்டுக்கு ஒருவரைப் பட்டாளத்துக்கு அனுப்பிய ஊர்கள் உண்டு. கம்மவான்பேட்டையை 'ராணுவப்பேட்டை' என்றே அழைக்கிறார்கள். அரிசி ஆலைகளுக்குப் பெயர்போன ஆரணியும் அதே வட்டாரம்தான். ஒரு பிள்ளை எல்லையில், இன்னொரு பிள்ளை கழனியில் என்று வாழும் சிறு விவசாயக் குடும்பங்கள் இங்கே நிறைய. எல்லையில் இருந்த பிள்ளை நாற்பது வயதுக்குள் ஓய்வு பெற்று வரும்போது, அவர் கொண்டுவரும் பணத்தை என்ன செய்வது என்பது வீடு முழுவதற்குமான கேள்வியாகிவிடுகிறது.

இப்படி என்னைத் தேடி வருகிற பலருடைய சட்டைப்பையில் ஒரு காகிதம் இருக்கும். அரிசி ஆலை இயந்திரத்தின் விலைப்பட்டியல்! "ஊரில் நெல்லுக்குக் குறைவில்லை சார், ஒரு மில் போட்டுவிடலாம் என்றிருக்கிறேன்" என்பார்கள். வேறு சிலர் வங்கி வாசலில் காவலர் வேலைக்கு மனுப் போட்டிருப்பார்கள். இரண்டும் எனக்கு உடன்பாடில்லை. முன்னது கைமுதலை விழுங்கிவிடும். பின்னது பதினேழு ஆண்டுகள் கற்ற தொழிலை வீணாக்கிவிடும்.

பட்டாளத்தில் எல்லோரும் துப்பாக்கி மட்டுமே பிடிப்பதில்லை. ரேஷன் பண்டகசாலை பார்த்தவர், அரிசியையும் பருப்பையும் மூட்டைக் கணக்கில் வாங்கி, முதலில் வந்ததை முதலில் அனுப்பி, ஒரு கிலோ குறைந்தாலும் பதில் சொல்லிப் பழகியவர். வண்டியும் ஜெனரேட்டரும் பழுது பார்த்தவருக்கு எந்த இயந்திரமும் புதிதல்ல. நம் தானியக் கிடங்குகளில் பஞ்சம் இத்தகைய ஆட்களுக்குத்தான். கூன் வண்டும் அந்துப்பூச்சியும் தின்றன என்று பழி போடுகிறோம். தரையில் கட்டை போடாமல், சுவரை ஒட்டி அட்டி அடுக்கி, பழைய மூட்டையை அடியிலேயே விட்டுவைத்தவர் நாம்தானே?

ஆனால் பட்டாளம் கற்றுத்தராதது ஒன்று உண்டு. அது வியாபாரம். நெல் கொண்டுவருகிறவருக்கு ஆலைக்காரர் கைமேல் காசு கொடுக்க வேண்டும். அரிசி வாங்கும் கடைக்காரரோ ஒரு மாதம், இரண்டு மாதம் தவணை சொல்வார். இடையில் முடங்குகிற பணம் ஆலைக்காரருடையது. அந்த விலைப்பட்டியலில் இந்தத் தொகைக்கு இடமே இல்லை. 100 கிலோ நெல்லை அரைத்தால் 66, 67 கிலோ அரிசிதான் கிடைக்கும். 20 கிலோவுக்கு மேல் உமி. தவிட்டையும் குருணையையும் நல்ல விலைக்குத் தள்ளத் தெரிந்தவருக்கே மிச்சம் நிற்கும். தலைமுறையாகச் செய்கிறவர்களே திணறுகிற தொழில் இது.

ஆரணிப் பக்கத்து ஓய்வு பெற்ற ஹவில்தார் ஒருவர் ஆலைக்கு முன்னோட்டமாக 10 டன் நெல் வாங்கினார். பல்லில் கடித்துப் பார்த்து "நல்ல காய்ச்சல்" என்று சொன்ன தரகரை நம்பினார். பிறகு ஈரப்பதமானியில் வைத்தால் 20 சதவீதம்! அரைக்கவும் அடுக்கவும் 14 சதவீதம் இருக்க வேண்டும். அந்த அளவுக்குக் காயும்போது 100 கிலோ நெல் 93 கிலோவாகக் குறையும். அதாவது 10 டன்னில் ஏறக்குறைய 700 கிலோ தண்ணீருக்கு அவர் விலை கொடுத்திருந்தார். பண்டகசாலையில் கிலோவுக்குக் கிலோ கையெழுத்து வாங்கிய மனிதர், சொந்தப் பணத்தில் தரகரின் பல்லை நம்பிவிட்டார். அவரை மட்டும் குறை சொல்வதற்கில்லை. எங்கள் பயிற்சி முகாம்களிலும் இயந்திரத்தைத்தான் ஓட்டிக் காட்டுகிறோம், கணக்கை எழுதிக் காட்டுவதில்லை.

எனவே நான் சொல்லும் வழி சிறியது. முதல் ஒரு போகம் வேறொருவர் ஆலையிலோ மண்டியிலோ சம்பளத்துக்கு இருங்கள். ஹவில்தாராக இருந்தவர் கணக்குப்பிள்ளையாக உட்காருவதில் கௌரவக் குறைவு எதுவும் இல்லை. அடுத்து, முத்திரையிட்ட தராசு, ஈரப்பதமானி, தூற்றும் இயந்திரம், தார்ப்பாய், ஒரு சிமெண்டுக் களம் ஆகியவற்றோடு கூலிக்குக் காயவைத்து, தூற்றி, எடை போட்டுக் கொடுங்கள். நெல் விவசாயியுடையது, விலை இறங்கினால் உங்கள் முதல் போகாது. அரசு நேரடி கொள்முதல் நிலையத்துக்கு ஈரப்பத வரம்பு 17 சதவீதம். மழையில் அறுத்த நெல்லை ஏற்றிக்கொண்டு போய்த் திரும்பி வந்த விவசாயிக்குத் தெரியும், சொந்த ஊரிலேயே அதை அளந்து காட்டும் ஆள் இருப்பதன் அருமை.

கிடங்கு மூன்றாம் படி. 2007-ம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்ற கிடங்கு கொடுக்கும் மின்னணு ரசீதை வைத்து விவசாயி வங்கியில் கடன் பெற முடியும். அறுவடை நாளின் மலிவு விலைக்கு விற்க வேண்டியதில்லை. புகைமூட்டத்துக்கான அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை மட்டும் உரிமமும் பயிற்சியும் உள்ளவரைக் கொண்டே வைக்க வேண்டும். ஆள் குடியிருக்கும் வீட்டோடு சேர்ந்த அறையில் அது கூடவே கூடாது. உயிர் போகும்.

இனிப் பணம். ஓய்வூதியத்தில் பாதி வரை முன்கூட்டியே மொத்தமாகப் பெறலாம். ஆனால் அந்தப் பகுதி திரும்பக் கிடைக்க 15 ஆண்டுகள் ஆகும். 2022-ல் வந்த அக்னிபத் திட்டத்தில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் நான்கே ஆண்டுகளில், ஓய்வூதியம் இல்லாமல், சுமார் 11.7 லட்சம் ரூபாயோடு வெளியே வருவார்கள். அந்தத் தொகை முழுவதையும் இரும்பில் போட்டால் நெல் வாங்க என்ன மிஞ்சும்? 2024 சுதந்திர தினத்தன்று தமிழக அரசு அறிவித்த 'முதல்வரின் காக்கும் கரங்கள்' திட்டம் முன்னாள் படைவீரர்களுக்கு 1 கோடி ரூபாய் வரை கடனும், 30 சதவீத மூலதன மானியமும், 3 சதவீத வட்டி மானியமும் தருவதாகும். நல்ல திட்டம்தான். விவரத்தை மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேளுங்கள். மானியம் வருகிறதே என்று கடனைப் பெரிதாக்காதீர்கள். வந்த பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் முதல் இரண்டு ஆண்டுகளில் போட வேண்டாம் என்பது என் கருத்து. அண்ணன் உழுகிற நிலத்தின் பத்திரம் வங்கிக்குப் போகவே கூடாது.

ஓய்வுக்கு முன்பே ராணுவத்தின் மறுவாழ்வு இயக்குநரகம் வழியாகப் பயிற்சி பெற முடியும். உங்கள் பிள்ளை அடுத்த விடுப்பில் வரும்போது நினைவூட்டுங்கள். தஞ்சாவூரில் உள்ள தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்தில் நெல் பதனிடுவதை நேரில் பார்க்கலாம். சம்பள வேலையே போதும் என்பவர்கள் இந்திய உணவுக் கழகத்தின் விளம்பரங்களைக் கவனிக்கட்டும். முன்னாள் படைவீரருக்கு அங்கே ஒதுக்கீடு உண்டு. கிடங்கு வாசலில் நிற்பதைவிட உள்ளே அட்டிக் கணக்குப் பார்ப்பது மேல்.

அந்த ஹவில்தார் இப்போது நெல் வாங்குவதில்லை. களம் போட்டு, மூட்டைக்குக் கூலி பேசி, காயவைத்துக் கொடுக்கிறார். ஈரப்பதமானியின் எண்ணை விவசாயியே பார்த்து நோட்டில் எழுத வேண்டும் என்பது அவர் களத்துச் சட்டம். மில் எப்போது என்று சென்ற மாதம் கேட்டேன். "இன்னும் இரண்டு போகம் போகட்டும் சார்" என்றார்.