பூ பார்க்கவா, நிழலில் நிற்கவா?



எங்கள் தெருவில் மரக்கன்று வைக்கப் போகிறார்களாம். பட்டியலில் முதலில் குல்மோகர். "சிவப்பா அழகா இருக்கும் சார்" என்கிறார்கள். இருக்கும், யார் இல்லையென்றது? மடகாஸ்கரிலிருந்து வந்த மரம். வேர் மேலோட்டமாக ஓடும், கிளை சட்டென்று முறியும். 2016 டிசம்பர் 12, வர்தா புயலுக்கு மறுநாள் சென்னைத் தெருக்களைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மைதானத்தில் வையுங்கள், மின்கம்பிக்குக் கீழே வேண்டாம்.

அடுத்தது கோனோகார்பஸ்! 2023இல் குஜராத் தடை செய்தது, 2025 ஜனவரியில் நம் அரசும் தடுத்தது. நட்ட காசு, பிடுங்குகிற காசு இரண்டும் நம் வரிப்பணம்தானே?

சரக்கொன்றை நம் மரமாயிற்றே என்பீர்கள். நம் மரம்தான். ஆனால் கோடையில் இலையை உதிர்த்துவிட்டுத்தான் கொத்துக் கொத்தாகப் பூக்கும். பேருந்துக்கு நிற்கிற பாட்டிக்கு அந்தப் பூ நிழல் தருமா? பூங்காவுக்குச் சரி.

தெருவுக்குப் புங்கன்தான். வெயில் ஏறுவதற்குள் புதுத் தளிர் விட்டு, அக்னி நட்சத்திரத்தில் குடை பிடிக்கும். பூவும் உண்டு, கீழே பொரி இறைத்த மாதிரி. மகிழம் மெதுவாக வளரும், வளரட்டுமே. கடற்கரைப் பக்கம் புன்னை, பூவரசு. சாலை நடுவில் அரளி போதும், மாடு வாய் வைக்காது.

எதை வைத்தாலும் அடிமரம் வரை சிமெண்ட் பூசிவிடுகிறார்கள், தண்ணீர் எப்படி இறங்கும்?

நகராட்சியில் இருக்கும் என் பிள்ளைகள் இரண்டு பேராவது இதைப் படிப்பீர்கள். ஐப்பசி மழைக்கு முன் கன்று மண்ணில் இருக்க வேண்டும். பட்டியலை இந்த மாதமே மாற்றச் சொல்லுங்கள்.