ஒற்றைக் கண் கார்

வேடசந்தூரிலிருந்து வடமதுரை வரும் சாலையில் ஒரு குடும்பம் காரில் வந்துகொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரவு எட்டரை மணி. எதிரே ஒரு பஸ். அதன் பின்னால் வந்த பைக்காரர் பஸ்ஸை முந்த வெளியே எட்டிப் பார்க்கிறார். தூரத்தில் ஒரே ஒரு வெளிச்சம்தான் தெரிகிறது. 'இன்னொரு பைக்தானே, இடம் இருக்கு' என்று கணக்குப் போட்டு வலது பக்கம் ஏறிவிடுகிறார். கிட்டே வந்த பிறகுதான் அது முழு அகலத்துக்கு வரும் கார் என்று புரிகிறது. கார் ஓட்டியவர் மண்ணில் இறக்கி நிறுத்தியதால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பைக்காரர் திட்டிவிட்டுப் போனார். திட்டியதில் நியாயம் இருந்தது.

காரின் இடது ஹெட்லைட் முழுதாக அணையவில்லை. எண்ணெய் தீர்ந்த அகல் விளக்கு மாதிரி மஞ்சளாக மினுங்கிக்கொண்டிருந்தது. எதிரே வருகிறவர் கண்ணுக்கு அது இருந்தும் இல்லாத மாதிரிதான்.

மறுநாள் விடியற்காலை நான்கு மணிக்கு அப்பத்தாவை மதுரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும். கண் பரிசோதனைக்கு வாங்கிய டோக்கன். தள்ளிப்போட்டால் இன்னொரு மாதம் ஆகும்.

பல்ப் மாற்றியும் தீரவில்லை

இந்தக் கோளாறு புதிதல்ல. இரண்டு வாரத்துக்கு முன்பே ஒரு பட்டறையில் காட்டினார்கள். அங்கே பல்ப் மாற்றினார்கள், மஞ்சள் போகவில்லை. ஹோல்டரைக் கழற்றி மீட்டர் வைத்துப் பார்த்து, "கரன்ட் பன்னிரண்டு வோல்ட் சரியா வருது. உள்ளே வயரிங் போயிருக்கும். முன்பக்கம் முழுசா மாத்தணும்" என்றார்கள். சொன்ன தொகையைக் கேட்டு, 'சம்பளம் வரட்டும்' என்று வீட்டுக்கு வந்துவிட்டார்கள். பைக்காரரின் திட்டுக்குப் பிறகு சம்பளத்துக்குக் காத்திருக்க மனம் வரவில்லை. பஸ் நிறுத்தம் பக்கத்தில் கடை வைத்திருக்கும் வயதான ஆட்டோ எலக்ட்ரீஷியனை அன்று இரவே வீட்டுக்கு அழைத்தார்கள்.

வந்தவர் பானெட்டைத் திறக்கவில்லை. "தம்பி, உள்ளே உட்கார்ந்து லைட்டைப் போடுங்க. டிம், பிரைட், ரெண்டும் ஒவ்வொரு தடவை" என்று சொல்லிவிட்டுச் சுவரில் விழுந்த வெளிச்சத்தையே பார்த்தார். வலது பக்கம் இரண்டிலும் பளிச்சென்று இருந்தது. இடது பக்கம் இரண்டிலும் மஞ்சள்.

பக்கத்துச் சீட்டில் இருந்த வீட்டுக்காரம்மாதான் முதலில் கவனித்தார். "அண்ணே, டிம்முல இருக்கும்போதே இந்த நீல லைட்டு லேசா எரியுது. பிரைட்டுக்குத்தானே அது எரியணும்?"

பெரியவர் நிமிர்ந்தார். "தங்கச்சி, பாதி வேலைய நீங்களே முடிச்சிட்டீங்க. இது எர்த்து கோளாறு."

நீல விளக்கு சொன்ன சேதி

அவர் சொன்னதன் காரணம் எளிது. இந்த வகைக் கார்களில் இருக்கும் ஹெச்4 பல்புக்குள் இரண்டு இழைகள் உண்டு. ஒன்று டிம்முக்கு 55 வாட், மற்றது பிரைட்டுக்கு 60 வாட். பின்னால் மூன்று கால்கள் இருக்கும். இரண்டு கால்கள் இரண்டு இழைகளுக்கும் கரன்ட் கொண்டு வருபவை. மூன்றாவது கால் இரண்டுக்கும் பொதுவான எர்த். அதிலிருந்து ஒரு வயர் போய் காரின் இரும்பு உடம்பில் போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்கும். பேட்டரியின் நெகட்டிவ் முனையும் அதே உடம்பில்தான் சேர்கிறது. போன கரன்ட் திரும்பி வரும் பாதை அதுதான்.

அந்தப் பாதை துருவால் அடைபட்டால் கரன்ட் சும்மா இருக்காது, வேறு வழி தேடும். டிம் இழையைக் கடந்து வந்த கரன்ட், எர்த்தில் இறங்க முடியாமல், அதே பல்பின் பிரைட் இழை வழியாகப் பின்னோக்கி ஓடும். அங்கிருந்து பிரைட் வயரைப் பிடித்து வலது பக்க பல்புக்குப் போய், அந்தப் பக்கத்து எர்த்தில் இறங்கும். போகிற வழியில் டேஷ்போர்டு நீல விளக்கையும் லேசாக எரிய வைத்துவிடும். இத்தனை இழைகளைச் சுற்றி வருவதால் இடது பல்புக்குக் கிடைக்க வேண்டிய வோல்டேஜில் பாதிகூட மிஞ்சாது. மஞ்சள் நிறத்துக்குக் காரணம் அதுதான்.

கரன்ட் வரும் பக்கத்து வயரிலோ ஹோல்டரிலோ மட்டும் பழுது இருந்தால் நீல விளக்கு இப்படி எரியாது. பெரும்பாலும் டிம் அல்லது பிரைட், ஏதாவது ஒன்றுதான் மங்கும். இரண்டும் மங்கி, நீல விளக்கும் கண் சிமிட்டினால் முதல் சந்தேகம் எர்த்தின் மேல்தான்.

மீட்டர் பொய் சொன்னதா?

"அந்தப் பட்டறையில பன்னிரண்டு வோல்ட் காட்டுச்சேண்ணே?" என்று கேட்டார் வீட்டுக்காரர்.

"தோட்டத்துல சொட்டுநீர் போட்டிருக்கீங்கள்ல? வால்வை மூடி வச்சா குழாய்ல அழுத்தம் முழுசா இருக்கும். திறந்து விட்டாத்தானே எங்க அடைப்புன்னு தெரியும்?"

ஹோல்டரைக் கழற்றிவிட்டுப் பார்க்கும்போது கரன்ட் ஓடுவதில்லை. மீட்டருக்குத் தேவை மிகச் சொற்பம். துருப்பிடித்த எர்த்கூட அந்த அளவுக்குப் போதும். அதனால்தான் 12 வோல்ட் காட்டியது. பல்ப் எரியும்போது ஓடுவது நான்கரை ஆம்பியருக்கு மேல். அப்போதுதான் அடைப்பு தன் குணத்தைக் காட்டும். எனவே ஹோல்டர் பல்பில் மாட்டியிருக்க, விளக்கு எரிந்துகொண்டிருக்க, ஹோல்டரின் பின்புறமாக மீட்டர் முனையை நுழைத்துப் பார்ப்பதே சரியான முறை.

பெரியவர் அப்படித்தான் பார்த்தார். டிம் காலுக்கும் எர்த் காலுக்கும் நடுவே 5 வோல்ட். எர்த் காலுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே 7 வோல்ட். இரண்டையும் கூட்டினால் பன்னிரண்டு. பல்புக்கு வர வேண்டியது திரும்பும் பாதையில் தொலைந்துகொண்டிருந்தது. நல்ல எர்த் என்றால் இரண்டாவது அளவு கிட்டத்தட்ட பூஜ்யமாக இருக்க வேண்டும்.

உறுதி செய்ய இன்னொரு வேலையும் செய்தார். ஒரு துண்டு வயரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவில் வைத்து, மறுமுனையை ஹோல்டரின் எர்த் காலில் தொட்டார். இடது விளக்கு சட்டென்று வெள்ளையாக எரிந்தது. திண்ணையில் உட்கார்ந்திருந்த அப்பத்தா, "வந்துருச்சுப்பா!" என்றார்.

வயர் வைத்துப் பார்க்கும் இந்தச் சோதனை நெகட்டிவ் பக்கத்துக்கு மட்டும்தான். பாசிட்டிவ் முனையிலிருந்து ஃபியூஸ் இல்லாத வயரை இழுத்து அங்கே இங்கே தொடுவது ஆபத்து. உடம்பில் பட்டுவிட்டால் வயர் நொடியில் பழுத்துவிடும்.

துரு எங்கே இருந்தது?

எர்த் வயரைப் பிடித்துக்கொண்டே போனால் ஹெட்லைட்டுக்குப் பின்னால் உடம்புத் தகட்டில் ஒரு போல்ட். பழைய டிங்கரிங் வேலையில் அந்த இடத்துக்கும் பெயின்ட் அடித்து, அதன் மேலேயே வயரின் வளையத்தை வைத்து முடுக்கியிருந்தார்கள். பெயின்ட் கரன்டை விடாது. போல்ட்டின் மரை வழியாக இத்தனை நாள் ஓடியிருக்கிறது. வாட்டர் சர்வீஸ் தண்ணீர் இறங்கி மரையும் துருப்பிடிக்க, அந்த வழியும் அடைந்துபோயிற்று.

பேட்டரி நெகட்டிவைக் கழற்றி வைத்தார். உப்புத்தாளால் தகட்டையும் வளையத்தையும் இரும்பு பளபளக்கும்வரை தேய்த்தார். போல்ட்டை இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவினார். மொத்தம் இருபது நிமிடம். மீட்டரில் ஏழு வோல்ட் காட்டிய இடத்தில் இப்போது பூஜ்யம் புள்ளி ஒன்று. நீல விளக்கும் அடங்கிவிட்டது. முழு வயரிங்கையும் மாற்றியிருந்தால்கூட, அதே பெயின்ட் மேல் அதே போல்ட்டைப் போட்டிருந்தால் மஞ்சள் போயிருக்காது.

வீட்டிலேயே பார்க்கக்கூடியவை

எல்லா ஹெட்லைட் கோளாறும் எர்த் கோளாறு அல்ல. ஆனால் சுவரைப் பார்த்து நிறுத்தி விளக்கைப் போட்டால் பாதி விடை கிடைத்துவிடும்.

ஒரு பக்கத்தில் டிம் மட்டும் எரியவில்லை என்றால் பெரும்பாலும் பல்புக்குள் ஒரு இழை அறுந்திருக்கும். இரண்டு பக்க பல்பையும் இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். கோளாறும் கூடவே இடம் மாறினால் பல்ப்தான். மாறாவிட்டால் அந்தப் பக்கத்து ஃபியூஸ், ஹோல்டர், வயர் என்று வரிசையாகப் போக வேண்டும். ஹாலோஜன் பல்பின் கண்ணாடியை வெறும் விரலால் தொடக் கூடாது. விரலின் எண்ணெய்ப் பசை சூட்டில் கண்ணாடியைக் கெடுத்து ஆயுளைக் குறைக்கும். சுத்தமான துணியால் பிடியுங்கள்.

இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் அணைந்தால், இரண்டு பல்பும் ஒன்றாகப் போவது அரிது. ரிலே, பொது ஃபியூஸ், ஸ்டியரிங் பக்கத்துச் சுவிட்ச் ஆகியவற்றைச் சந்தேகியுங்கள். பள்ளத்தில் ஏறி இறங்கும்போது மட்டும் விட்டு விட்டு எரிந்தால் தளர்ந்த ஹோல்டர் அல்லது உரசிய வயர். தோட்டத்து வீடுகளில் தீவன மூட்டை பக்கத்தில் கார் நிற்குமானால் எலி கடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். பானெட்டுக்குள் புழுக்கையும் பஞ்சும் கிடந்தால் சந்தேகமே வேண்டாம்.

ஹோல்டர் பழுப்பேறி உருகியிருந்தால், 'வெளிச்சம் பத்தலை' என்று யாரோ 100 வாட் பல்ப் மாட்டியிருக்கலாம். 55 வாட்டுக்கு நான்கரை ஆம்பியர் என்றால் 100 வாட்டுக்கு எட்டுக்கு மேல். பழைய வயரும் ஹோல்டரும் அந்தச் சூட்டைத் தாங்காது. ஃபியூஸ் அடிக்கடி போகிறதென்று பெரிய ஃபியூஸ் போடுவதும், சிகரெட் பெட்டி ஜரிகைத் தாளைச் சுற்றி வைப்பதும் அதைவிட மோசம். ஃபியூஸ் காப்பாற்றுவது வயரை. ஃபியூஸ் எரியாவிட்டால் வயர் எரியும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. சில வண்டிகளில் டிம் பிரைட் சுவிட்ச் நெகட்டிவ் பக்கத்தில் இருக்கும். அங்கே பல்பின் பொதுக் கால் பாசிட்டிவாக இருப்பதால் மேலே சொன்ன கணக்கு தலைகீழாகும். துண்டு வயரை நீட்டும் முன் எது எந்தக் கால் என்று தெரிந்துகொள்ள வேண்டும். புது மாடல்களில் எல்.இ.டி. விளக்கைக் கணினிப் பெட்டி இயக்குகிறது. அதில் கை வைக்காமல் தெரிந்தவரிடம் விடுவதே நல்லது.

ஏழு வோல்ட்டின் விலை

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன்படி, இரவில் ஓடும் வண்டியின் விளக்கு 155 மீட்டர் தூரத்தில் இருக்கும் ஆளையும் வண்டியையும் தெளிவாகக் காட்ட வேண்டும். காரணம் இல்லாமல் வைத்த அளவு அல்ல அது. 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு நொடியில் 22 மீட்டர் கடக்கிறது. ஆளைப் பார்த்து, கால் பிரேக்குக்குப் போய், வண்டி நிற்பதற்குள் நல்ல சாலையிலேயே எழுபது மீட்டர் ஓடிவிடும். ஹாலோஜன் பல்புக்கு வோல்டேஜ் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறத்தாழ முப்பது சதவீதம் குறையும். பாதி வோல்டேஜில் வெளிச்சம் என்று சொல்ல ஒன்றும் மிஞ்சாது. இதில் இடது விளக்குதான் சாலை ஓரத்தைக் காட்டுவது. நூற்பாலை ஷிப்ட் முடிந்து நடந்து வருகிறவர்களும், வியாழக்கிழமை அய்யலூர் சந்தைக்கு இருட்டோடு ஆடு ஓட்டிப் போகிறவர்களும் நடப்பது அந்த ஓரத்தில்தான்.

பெரியவர் கூலி வாங்கிக்கொண்டு கிளம்பும்போது, "மாசம் ஒரு தடவை சுவத்தப் பார்த்து லைட்டைப் போட்டுப் பாருங்க தம்பி. வண்டிக்குள்ள உட்கார்ந்திருக்கவங்களுக்கு ஒரு கண்ணு போனது தெரியாது" என்றார்.

விடியற்காலை நான்கு மணிக்கு நான்குவழிச் சாலையில் கார் ஏறியது. பின் சீட்டில் அப்பத்தா. பக்கத்துச் சீட்டில் வீட்டுக்காரம்மா. திண்டுக்கல் வரும்வரை அவர் இரண்டு தடவை டேஷ்போர்டைக் குனிந்து பார்த்தார். நீல விளக்கு எரியவில்லை.