மணிலா: நூற்றுக்கு எத்தனை பருப்பு?

அனந்தபுரம் பக்கம் மணிலா பயிரிடும் சிறு விவசாயிகள், மூட்டையை விழுப்புரத்துக்கோ திண்டிவனத்துக்கோ ஏற்றுமுன் வீட்டிலேயே ஒரு கணக்குப் போட்டுக்கொள்ளல் வேண்டும். நன்கு காய்ந்த காயை மூட்டையின் மேல், நடு, அடி மூன்றிலுமிருந்து எடுத்துக் கலந்து, 200 கிராம் நிறுத்து உடைக்கவும். மளிகைக் கடைத் தராசே போதும். பருப்பு 140 கிராம் இருந்தால் உடைப்புத்திறன் 70 சதவீதம். பொக்குக் காயைப் பொறுக்கி எறிந்துவிட்டு நிறுப்பது தன்னையே ஏமாற்றிக்கொள்வதாகும்.

பருப்புக் கணக்கில் விலை பேசும் வியாபாரி 65 என்றால், 'ஐந்துதானே' என்று விடலாகாது. குவிண்டாலுக்கு 5 கிலோ பருப்பு போகிறது. எழுபதில் ஐந்து என்பது வரவேண்டிய பணத்தில் 7 சதவீதத்துக்கும் மேல். ஐந்து குவிண்டால் விற்பவருக்கு 25 கிலோ நட்டம். ஏறத்தாழ அரை ஏக்கருக்கு விதைப் பருப்பு அது.