துண்டாடப்படாத காடும் பற்றை மண்டிய காணியும்

நிலமே ஓர் இனத்தின் இருப்பு என்று புலம்பெயர்ந்த தமிழரின் மேடைகளில் அடிக்கடி முழங்கப்படுகின்றது. ஆனால் அந்த நிலத்தை இன்று உழுபவர் யார், அதன் வேலியைக் காப்பவர் யார், அதற்கு நீர் பாய்ச்சும் குளத்தின் அணைக்கட்டைத் திருத்துபவர் யார் என்ற கேள்விகள் அதே மேடைகளில் எழுவது அரிது. யேர்மனியில் தமிழர் செறிந்து வாழும் நோர்ட்றைன்-வெஸ்ற்பாலன் மாநிலத்திலேயே இக்கேள்விகளுக்குப் பல நூற்றாண்டுகளாக விடை சொல்லிவரும் கிராமங்கள் உள்ளன.

மாநிலத்தின் தென்கிழக்கில், சீகன் நகரைச் சூழ்ந்த மலைநாடு சீகர்லாண்ட் ஆகும். அங்குள்ள கூட்டுக்காடு 'ஹவ்பேர்க்' என அழைக்கப்படுகின்றது. அது கிராமத்துப் பங்குதாரர் அனைவருக்கும் உரிய, பிரிக்கமுடியாத உடைமை. காடு ஏறத்தாழ 20 பகுதிகளாக வகுக்கப்பட்டு, ஆண்டுக்கு ஒரு பகுதி மட்டுமே வெட்டப்பட்டது. அதில் எவருக்கு எந்தத் துண்டு என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானித்தனர். ஓக் மரத்தின் பட்டை தோல் பதனிடுவோருக்கும், மரத்தின் கரி இரும்பு உருக்குவோருக்கும் சென்றன. வெட்டிய இடத்தில் தானியம் விதைத்து அறுத்தனர். அடிக்கட்டைகளில் துளிர்த்த கன்றுகள் மாட்டின் வாய்க்கு எட்டாத உயரத்துக்கு வளர்ந்த பின்னரே மேய்ச்சலுக்கு அனுமதி கிடைத்தது. ஒரே நிலம் விறகும் உணவும் மேய்ச்சலும் தந்தது. 20 ஆண்டுகளில் மீண்டும் காடாக நிமிர்ந்தது.

19ஆம் நூற்றாண்டில் இரும்பாலைகள் மரக்கரியைக் கைவிட்டு நிலக்கரிக்கு மாறின. மரப்பட்டைக்கான சந்தையும் பின்னர் வீழ்ந்தது. வருமானம் அற்றுப்போன போதிலும் காடு கூறுபோடப்படவில்லை. 1879இல் சீகன் மாவட்டத்துக்கென இயற்றப்பட்ட ஹவ்பேர்க் சட்டமும், 1975இன் மாநிலக் கூட்டுக்காட்டுச் சட்டமும் அதற்கு அரணாயின. பங்கு பிள்ளைகளுக்குச் செல்லலாம், கைமாறலாம், காடு துண்டாடப்படலாகாது. பங்குதாரர் வேற்றூர் சென்றாலும் காடு தரிசாகாமைக்கு இவ்விதியே காரணம்.

இத்தகைய ஒழுங்கு தமிழருக்குப் புதியதன்று. இரணைமடுக் குளத்தில் நீர் போதாத சிறுபோகத்தில் பயிர்ச்செய்கைக் கூட்டம் கூடி, எத்தனை ஏக்கர் விதைக்கலாம், ஒவ்வொருவருக்கும் எவ்வளவு பங்கு என்று தீர்மானிக்கின்றது. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் கமக்காரர் அமைப்புகளுக்குச் சட்ட உருவம் அளித்துள்ளது. ஆக, அமைப்பு உண்டு, அனுபவமும் உண்டு. நிலமே நெருக்கடியில் உள்ளது.

வலிகாமம் வடக்கிலும் கேப்பாப்பிலவிலும் படையினர் கையகப்படுத்திய காணிகளில் ஒரு பகுதி இன்னமும் மக்களிடம் மீளவில்லை. 2025 மார்ச் 28 அன்று வெளியான வர்த்தமானி அறிவித்தலோ, வடக்கில் 5,900 ஏக்கருக்கும் அதிகமான காணிக்கு 3 மாதங்களுள் உரிமை கோரப்படாவிடில் அது அரச காணியாகும் என்றது. கடும் எதிர்ப்பு எழுந்தது. ஜூனில் உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. எனினும் அந்த அறிவித்தல் விட்டுச் சென்ற எச்சரிக்கை பெரிது. இடப்பெயர்வில் உறுதியைத் தொலைத்தவர்களும், உடன்பிறந்தோர் நான்கு நாடுகளில் சிதறிய குடும்பங்களும் 3 மாதங்களுள் உரிமையை எவ்வாறு நிறுவுவர்?

புலம்பெயர்ந்தோரின் காணிகள் பெரும்பாலும் பற்றை மண்டிக் கிடக்கின்றன, அல்லது விற்கப்படுகின்றன. மூன்றாவது வழியும் உண்டு. அயல் ஊர்க் காணிகளை ஒன்றிணைத்து, கமக்காரர் அமைப்பிடமோ கூட்டுறவுச் சங்கத்திடமோ எழுத்துமூலக் குத்தகைக்கு ஒப்படைப்பதே அது. வாய்ப்பேச்சு இங்கு போதாது. 10 ஆண்டுகள் இடையறாது, உரிமையாளருக்கு எதிராக ஆண்டவர் உரிமை கோர இலங்கைச் சட்டம் இடமளிக்கின்றது. காலவரையும், கிணற்றையும் மண்ணையும் காக்கும் விதிகளும், ஆண்டுக் கணக்கும் உடன்படிக்கையில் இடம்பெற வேண்டும்.

ஹவ்பேர்க்கின் குறையையும் மறைத்தல் ஆகாது. பங்கில்லாதவருக்கு அக்காட்டில் உரிமையில்லை. வடக்கிலும் சாதியினால் தலைமுறைகளாகக் காணியற்றிருக்கும் குடும்பங்கள் உள்ளன. குத்தகையில் அவர்களுக்கே முன்னுரிமை அளிக்கப்படாவிடில், கூட்டுநிர்வாகம் பழைய உடைமையாளரின் புதிய வேலியாகிவிடும். அவ்வாறே, ஊர்ச்சங்கங்கள் பணம் அனுப்பலாம். குளம் எப்போது திறக்கப்பட வேண்டும் என்பதை டோட்முண்டிலிருந்து தீர்மானிக்கலாகாது. அம்முடிவு உழுபவருக்கே உரியது.

பெற்றோர் செய்யத்தக்க முதற்பணி எளியது. உறுதிகளின் பிரதிகளைத் தேடியெடுத்து, காணியின் பெயர், எல்லைகள், பங்காளிகள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிப் பிள்ளைகளிடம் கையளிக்க வேண்டும். யேர்மன் மொழியில் தேர்ந்த இளையோர் கூட்டுக்காட்டுச் சட்டத்தை மூலத்திலேயே வாசித்து, அதன் விதிகளில் ஊருக்குப் பொருந்துவன எவை என்று தமிழில் எழுதித் தரலாம். நிலத்தின் பெயரும் எல்லையும் அறியாத தலைமுறைக்கு அந்நிலத்தைக் காக்கும் வழியும் தெரியாது. அறிந்தோர் உயிரோடிருக்கும் காலத்திலேயே அது எழுதப்பட வேண்டும்.