எந்தப் புண்ணுக்கு, எந்தத் தேன்?

அறுவைச் சிகிச்சைக்குப் பின் சீழ் வைத்துத் தையல் பிரிந்த காயத்தைத் தேன் வைத்துக் கட்டலாமா என்ற கேள்வி எழும்போதெல்லாம் நம் துறையில் இரண்டு பதில்கள் ஆயத்தமாக இருக்கின்றன. ஒரு சாரார் சுசுருத சம்ஹிதையைக் காட்டி ஆமோதிக்கிறார்கள். மறு சாரார் பாட்டி வைத்தியம் என்று தள்ளிவிடுகிறார்கள். இரு சாராருமே சான்றைத் திறந்து பார்ப்பதில்லை. பார்த்தால் தெரிவது இதுதான்: தேனுக்கு அறுவைப் புண் சிகிச்சையில் ஓர் இடம் உண்டு, ஆனால் அது மிகக் குறுகிய இடம். அந்த இடத்திலும் கடைத் தேனுக்கு வேலை இல்லை.

தேன் கிருமியைக் கொல்கிறது என்பதில் ஐயமில்லை. அதில் சுமார் 80 சதவீதம் சர்க்கரை, நீர் 20 சதவீதத்துக்கும் குறைவு, பி.எச். அளவு 4-ஐ ஒட்டியது. இந்தச் சூழலில் பெரும்பாலான பாக்டீரியாக்கள் பெருக முடியாது. இதற்கு மேல், தேனீ சேர்க்கும் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற நொதி இருக்கிறது. முதிர்ந்த தேனில் அது செயலற்றுக் கிடக்கும்; புண்ணின் கசிவு நீர் கலந்து தேன் நீர்த்ததும் ஹைட்ரஜன் பெராக்சைடைச் சிறுகச் சிறுக வெளியிடத் தொடங்கும். நியூசிலாந்தின் மனுகா தேனில் பெராக்சைடை நீக்கிய பின்னும் வீரியம் எஞ்சுவதை வைக்காட்டோ பல்கலைக்கழகத்தின் பீட்டர் மோலன் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். அதற்குக் காரணம் மெத்தில்கிளையாக்சால் என்பது 2008-இல் தெரியவந்தது. ஆனால் நொதி சூட்டில் கெட்டுவிடும். கெட்டியாகாமல் இருக்கக் காய்ச்சி அடைக்கப்பட்ட தேனில் அது எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று எவராலும் உறுதி சொல்ல முடியாது.

இனி மருத்துவச் சான்று. 1999-இல் அல்-வாய்லி, சலூம் இருவரும் வெளியிட்ட ஆய்வே நமக்கு நேரடியாகப் பொருந்துவது. சிசேரியன் அல்லது கருப்பை நீக்கத்துக்குப் பின் காயத்தில் தொற்று ஏற்பட்ட 50 பெண்களில் ஒரு பிரிவினருக்குத் தேன் வைத்தார்கள். மறு பிரிவினருக்கு ஸ்பிரிட்டும் போவிடோன் அயோடினும். தேன் வைத்த புண்கள் சராசரியாக 11 நாட்களுக்குள் ஆறின. மற்றவை ஆற 22 நாட்கள் ஆயின. 2015-இன் காக்ரேன் தொகுப்பாய்வு இதை ஏற்று, தொற்றுள்ள அறுவைப் புண்ணில் தேனின் பயனுக்கு மிதமான தரச் சான்று உண்டு என்றது. மகிழத்தக்க முடிவுதான். ஆனால் அந்தத் தீர்ப்பு முழுவதும் இந்த ஒரே ஆய்வின் 50 பேர் மீது நிற்கிறது. அதைவிட முக்கியமானது, தேன் எதனோடு ஒப்பிடப்பட்டது என்பது. ஸ்பிரிட் திறந்த புண்ணின் புதுத் திசுவைத் தீய்க்கும். அதைத் தேன் வென்றது தேனின் சிறப்பாலா, எதிராளியின் கெடுதலாலா? சோலாப்பூரில் சுப்பிரமணியம் 104 தீக்காய நோயாளிகளிடம் செய்து 1991-இல் வெளியிட்ட ஆய்வுக்கும் இதே கேள்வி பொருந்தும். அங்கே எதிரில் நின்ற சில்வர் சல்ஃபடையசினும் புதுத் தோல் படர்வதைத் தாமதப்படுத்துவது. மாறாக, நியூசிலாந்தில் 368 பேரிடம் சிரைக் கால் புண்ணுக்கு மனுகா தேன் கட்டு சோதிக்கப்பட்டபோது, 12 வாரங்களில் ஆறிய விகிதம் தேன் பிரிவில் 55.6, வழக்கமான சிகிச்சைப் பிரிவில் 49.7 சதவீதம்தான். அந்த வேறுபாடு தற்செயலாகவும் இருக்கலாம். வலியோ தேன் பிரிவில் கூடுதல்.

ஆகவே சுத்தமாகத் தைத்து மூடிய கீறலில் தேன் தடவுவதற்கு நியாயமில்லை. அத்தகைய கீறலில் தொற்றைத் தடுக்கச் சாதாரணக் கட்டே போதும், சிறப்புக் கட்டுகள் வேண்டாம் என்பதே 2016-இல் உலக சுகாதார நிறுவனம் தந்த பரிந்துரை. திறந்து, சீழ் வடிந்து, அடியிலிருந்து மெல்ல ஆற வேண்டிய புண்ணே தேனுக்குரியது. செத்த திசுவை வெட்டி நீக்குவதற்கும் சீழுக்கு வழி விடுவதற்கும் அது ஒருபோதும் மாற்றாகாது.

மருத்துவத் தேன் விலை அதிகம், ஏழை நோயாளிக்குக் கடைத் தேனாவது கிடைக்கட்டுமே என்று கேட்கலாம். இந்த வாதத்தின் பின்னுள்ள அக்கறையை மதிக்கிறோம். வாதத்தை ஏற்க முடியவில்லை. தேனில் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் ஸ்போர்கள் இருக்கக்கூடும். காய்ச்சினால் அவை சாகா, நொதிதான் சாகும். மருத்துவத் தேனுக்குத் தரும் காமா கதிர்வீச்சோ ஸ்போரைக் கொன்று நொதியைக் காக்கிறது. கலப்படமோ நாடறிந்தது: 2020-இல் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் சோதித்த 13 நிறுவனத் தேன்களில் எல்லாச் சோதனைகளிலும் தேறியவை மூன்றே. ஏழையின் திறந்த புண்ணில் சர்க்கரைப் பாகை ஊற்றுவது அவருக்குச் செய்யும் உதவி ஆகாது.

நமக்கு வேண்டியது நம் நாட்டுத் தேனை வைத்து ஒரு நல்ல ஆய்வு. கதிரூட்டி, வீரியம் அளந்த தேன் ஒரு பக்கம். இன்றைய முறையான சலைன் கழுவலும் ஈரம் காக்கும் கட்டும் மறுபக்கம். தேனின் நிறத்தையும் மணத்தையும் மறைக்க முடியாதுதான். ஆனால் புண்ணின் படங்களை மட்டும் பார்த்து, பிரிவு அறியாத ஒருவர் ஆறுதலை மதிப்பிட முடியும். மகப்பேறு, பொது அறுவைத் துறைகள் பல கைகோத்து இதை இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடான சிடிஆர்ஐ-யில் பதிவு செய்து தொடங்க வேண்டும். அதுவரை கடைத் தேன் பாட்டிலை டிரெஸ்ஸிங் டிராலியில் அனுமதிக்காதீர்கள்.